எத்தனை தரம் எழுப்புவது?

விழுந்தவனைத் தூக்கி நிறுத்துவது நல்ல காரியம். இதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. இரண்டாம் தரம் விழுந்தாலும் தூக்கலாம். பத்தாம் தரம்? நூறாம் தரம்? எந்த இடத்தில் அது நல்ல காரியமாக இல்லாமல் போய்விடுகிறது? இந்தக் கேள்வியை நான் எந்த நீதி நூலிலிருந்தும் எடுத்துக்கொள்ளவில்லை. கதை எழுதிப் பிழைக்க வருவதற்கு முன்னால் சில வருஷங்கள் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் உத்தியோகத்தில் இருந்தேன். அங்கேதான் இது என்னைப் பிடித்துக்கொண்டது. உத்தியோகத்தை விட்ட பிறகும் இது என்னை விடவில்லை.

யந்திர விஷயமாயிற்றே என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். யந்திரத்துக்குள்ளே இருப்பது இரும்பும் மின்சாரமும் மட்டும் அல்ல. யாரோ ஒரு மனிதர் என்றோ ஒரு நாள் உட்கார்ந்து, 'இப்படி நேர்ந்தால் இப்படிச் செய்' என்று எழுதிவைத்த தீர்மானங்கள் அதில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எழுதியவர் போய்விடுவார், தீர்மானம் இருந்துகொண்டே இருக்கும். நம் வீடுகளில் ஏன் என்று தெரியாமலே நாம் செய்துவரும் வழக்கங்களைப் போல.

1969-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் வம்சத்தில் வந்தவையும் அதைப் பார்த்துச் செய்தவையுமாக இன்று பல இருக்கின்றன: லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி என்றெல்லாம் பெயர்கள். இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு வழக்கம் உண்டு. மின்சாரம் பாய்ந்ததும் கெர்னல் என்கிற உட்கரு விழித்துக்கொள்ளும். அது எல்லா வேலைகளையும் தானே தொடங்கிவிடாது. ஒரே ஒரு புரோகிராமை எழுப்பிவிட்டு, 'இனி உன் பாடு' என்று ஒதுங்கிக்கொள்ளும். அப்படி எழுப்பப்படுகிறவனுக்கு எண் 1, பெயர் இனிட். மற்றவர்களை வரிசை பார்த்து எழுப்புவது அவன் பொறுப்பு. விடியற்காலையில் முதலில் எழுந்து, வாசல் தெளித்து, அடுப்பு மூட்டி, அப்புறம் ஒவ்வொருவராகத் தட்டி எழுப்பும் பாட்டியை நினைத்துக்கொண்டால் போதும்.

இந்த முதலாமவனுக்குச் சில சலுகைகள் உண்டு. மற்ற எந்தப் புரோகிராமையும் ஒரு சைகை கொடுத்துக் கொன்றுவிடலாம். லினக்ஸில் அந்தச் சைகை 1-ஆம் எண்ணைத் தொடாது. அவனே ஏதோ கோளாறினால் செத்துப்போனால் கெர்னல் கலங்கிப்போய் யந்திரத்தையே நிறுத்திவிடும். சலுகைக்கு ஏற்ற சுமையும் உண்டு. இந்த உலகத்தில் ஒவ்வொரு புரோகிராமும் இன்னொன்றின் பிள்ளை. பிள்ளை செத்தால் உடனே அதன் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விடாது. பெற்றவன் வந்து, 'எப்படிச் செத்தான்?' என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்டால்தான் கணக்குத் தீரும்; அதுவரை அது பிணமாகப் பதிவேட்டில் கிடக்கும். பெற்றவன் முந்திச் செத்துவிட்டால்? பிள்ளைகள் எல்லாம் பொதுவாக 1-ஆம் எண்ணின் பிள்ளைகளாகிவிடும். அவை சாகும்போது கணக்குத் தீர்ப்பவன் அவன்தான். அநாதைப் பிணத்துக்குக் கொள்ளி வைப்பது பெரிய புண்ணியம் என்று நம் ஊரில் சொல்வார்கள். யூனிக்ஸில் அது முதலாமவனின் அன்றாட வேலை. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏனோ நெஞ்சு அடைத்துக்கொண்டது. என்னோடு வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

அவனுடைய மூன்றாவது வேலைதான் என் கேள்விக்கு விஷயம். சில புரோகிராம்கள் சாகக் கூடாதவை; செத்தால் மறுபடி எழுப்பப்பட வேண்டியவை. சிஸ்டம் ஃபைவ் என்ற பழைய யூனிக்ஸ் கிளையிலும், அதைப் பின்பற்றிய லினக்ஸிலும், இனிட்டாப் என்று ஒரு ஃபைல் இருந்தது. அதில் ஒரு வரிக்குப் பக்கத்தில் ரீஸ்பான் என்று எழுதிவிட்டால், அந்தப் புரோகிராம் விழும்போதெல்லாம் இனிட் அதை எழுப்பும். ஆனால் ஒரு விதி இருந்தது. 2 நிமிஷத்துக்குள் 10 தரத்துக்கு மேல் விழுந்தால், ஏதோ அடிப்படையிலேயே கோளாறு என்று முடிவு செய்து, கன்ஸோல் திரையில் சத்தம் போட்டுவிட்டு, 5 நிமிஷம் அதைத் தொடாமல் விட்டுவிடும். அப்புறம் மறுபடி எழுப்பிப் பார்க்கும்.

பத்து என்று யார் கணக்குப் போட்டார்கள்? ஏன் ஒன்பது இல்லை, பதினைந்து இல்லை? இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பழைய காலத்து முரட்டு விதி என்றுதான் நினைத்தேன்.

2006-ல் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. பரிசோதனை யந்திரங்கள் தரும் முடிவுகள் ஒரு கம்ப்யூட்டரில் வரிசையாக வந்து சேரும். ஒரு புரோகிராம் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, மூன்றாம் மாடியில் இருந்த அச்சு யந்திரத்துக்கு அனுப்பும். வார்டு ஆட்கள் அங்கே வந்து தாளை எடுத்துப் போவார்கள். அந்தக் கம்ப்யூட்டர் பழைய லினக்ஸ். அதைத் தூக்கிவிட்டு, புதிதாக வாங்கிய ஃப்ரீபிஎஸ்டி யந்திரத்துக்கு எல்லாவற்றையும் குடிபெயர்க்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார்கள்.

குடிபெயர்ப்பு என்பது லேசான காரியம் அல்ல. இரண்டும் ஒரே தாய்மொழி பேசுகிறவை போல இருக்கும். ஆனால் ஒரே சொல்லுக்கு இங்கே ஓர் அர்த்தம், அங்கே வேறோர் அர்த்தம். ஓர் உதாரணம் சொல்கிறேன். பழைய யந்திரத்தில் ஒரு சின்னக் கட்டளை இருந்தது. அந்தப் புரோகிராமுக்கு 10-ஆம் எண் சைகையை அனுப்பும். அங்கே 10 என்றால், 'உன் குறிப்பேட்டை மறுபடி ஒரு தரம் படித்துக்கொள்' என்பது போல நாமே அர்த்தம் வைத்துக்கொள்ளக்கூடிய சைகை. ஃப்ரீபிஎஸ்டியில் அந்த வேலைக்கு எண் 30. 10 என்பது அங்கே நினைவகப் பிழையைச் சொல்லும் சைகை. முன்னேற்பாடு இல்லாதவன் அதை வாங்கினால் அந்த இடத்திலேயே சாவான். அன்பாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப, அது கொலையாகப் போய்ச் சேர்கிறது! எண்ணைப் போடாமல் பெயரைப் போட்டு எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை. எழுதியவர், தம் யந்திரம் ஒன்றுதான் உலகம் என்று நினைத்துவிட்டார். நம்மில் பலர் அப்படித்தான்.

இப்படிப்பட்டவற்றையெல்லாம் ஒன்று விடாமல் பிடித்துத் திருத்தினேன். அந்தக் கர்வம்தான் எனக்குக் கண்ணை மறைத்தது.

ஃப்ரீபிஎஸ்டியின் இனிட் வேறு ஜாதி. அது சேவைகளைக் காலையில் ஒரு தரம் தொடங்கிவைக்கும். அப்புறம் அவை விழுந்தால் கவலைப்படாது. வாசலில் நின்று, 'யார் வருகிறது?' என்று பெயர் கேட்கிற காவற்காரனை மட்டும் விழுந்தால் எழுப்பும். அவன் சும்மாச் சும்மா விழுந்தால், 30 விநாடி பொறுத்துப் பார்க்கும். ஆகவே எங்கள் புரோகிராமைக் கண்காணிக்க வேறு ஆள் வேண்டியிருந்தது. கெரிட் பேப் என்பவர் எழுதிய ரன்இட் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்து வைத்தேன். டி. ஜே. பெர்ன்ஸ்டைன் முன்னே எழுதிய டீமன்டூல்ஸ் காட்டிய வழியில் வந்தது அது. அழகான சின்ன வேலை. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு டைரக்டரி. அதற்குள் ரன் என்று ஒரு ஃபைல். அந்த ஃபைலை ஓட்டிக்கொண்டே இரு, நின்றால் மறுபடி ஓட்டு, அவ்வளவுதான் சட்டம். உடனுக்குடன் விழுந்தால் ஒரு விநாடி தாமதிக்கும். பத்து என்ற கணக்கும் இல்லை, ஐந்து நிமிஷமும் இல்லை. அது சலித்துக்கொள்ளவே சலித்துக்கொள்ளாது. இதல்லவோ பொறுமை என்று நான் மகிழ்ந்துபோனேன்.

அந்தக் கூடத்தில் இரவு வேலைக்கு ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. புது யந்திரம் வந்த முதல் வாரத்திலேயே அவர் என்னைக் கேட்டார்:

"தம்பி, பழசு அப்பப்ப கத்துமே, இது கத்தறதே இல்லையே, ஏன்?"

"வியாதி தீர்ந்துபோச்சு ஐயா" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நல்லது தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் வாரம் ஒரு நாள் விடியற்காலை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மூன்றாம் மாடி அறையில் தரை தெரியவில்லை. அச்சு யந்திரத்தைச் சுற்றிலும் தாள். எல்லாம் ஒரே தாள். ஒரே மனிதரின் ஒரே சர்க்கரை அளவு. 500 தாளும் தீர்ந்த பிறகுதான் அச்சு யந்திரம் நின்றிருக்கிறது. நடந்தது இதுதான்: அந்த முடிவில் எங்கேயோ ஒரு பொருந்தாத எழுத்து. புரோகிராம் அதை அச்சுக்கு அனுப்பிவிட்டது. 'அனுப்பியாயிற்று' என்று குறித்துக்கொள்ளும் சமயத்தில் செத்துவிட்டது. ரன்இட் எழுப்பியது. எழுந்தவன் வரிசையின் தலையில் நின்ற அதே முடிவை எடுத்தான், அனுப்பினான், செத்தான். மறுபடி எழுப்பியது. இப்படி இரவு முழுவதும். அதற்குப் பின்னால் 37 முடிவுகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று பொட்டாஸியம் அளவு. இருக்க வேண்டியதைவிட மிக அதிகம். இருதயத்தையே நிறுத்திவிடக்கூடிய அளவு.

அந்த நோயாளி பிழைத்துக்கொண்டார். தாள் வரவில்லையே என்று பொறுமை இழந்து, மாடிக்கு வந்து பார்த்து, அங்கே குவியலைக் கண்டு திகைத்து, நேரே கூடத்துக்குப் போன் செய்து வாய்மொழியாக அளவைக் கேட்டுக்கொண்ட ஒரு நர்ஸ் அம்மாளால் அவர் பிழைத்தார். என் பொறுமைசாலி யந்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பழைய யந்திரத்தில் இது நடந்ததே இல்லையா? அதைத்தான் நான் பெரியவரிடம் கேட்டேன். அவர் மேஜைக்குள்ளிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். மாதத்தில் இரண்டு மூன்று தரம் இது நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பத்துத் தாள் அச்சாகும். இனிட் கன்ஸோலில் சத்தம் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த ஐந்து நிமிஷத்துக்குள் இவர் எழுந்துபோய், வரிசையின் தலையில் நிற்கும் ஃபைலை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, அந்த முடிவைக் கையால் எழுதி வார்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, நோட்டில் தேதி போட்டுக் குறித்துவைப்பார். இனிட் மறுபடி எழுப்பும்போது பாதை சுத்தமாக இருக்கும். ஏழு வருஷமாக இப்படி. யாருக்கும் தெரியாது, எந்த ஃபைலிலும் எழுதியிருக்கவில்லை.

"என்கிட்டே ஏன் சொல்லலே ஐயா?"

"நீங்க வியாதி தீர்ந்துபோச்சுன்னீங்களே."

நான் எல்லா ஃபைலையும் குடிபெயர்த்தேன். எண்களை மாற்றினேன், பாதைகளை மாற்றினேன். அந்த ஐந்து நிமிஷத்தை மட்டும் விட்டுவிட்டேன். அது வெறும் ஓய்வு நேரம் என்று நினைத்தேன். அது ஒரு மனிதர் வந்து பார்ப்பதற்காக விட்டுவைத்த இடம். ரன்இட்டைக் குறை சொல்லவும் எனக்கு வழியில்லை. ஃபினிஷ் என்று இன்னொரு ஃபைலை வைத்தால், சேவை விழும்போதெல்லாம் அதை ஓட்டும்; எத்தனை தரம் என்று எண்ணலாம், யாரையாவது கூப்பிடலாம். நான்தான் வைக்கவில்லை. விழுவதைப் பற்றி யோசிப்பானேன், எழுப்புகிறவன் இருக்கிறானே என்று இருந்துவிட்டேன்.

எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். அச்சகத்தில் புரூப் பார்க்கிறவன். நல்ல தமிழ் தெரிந்தவன். ஒரு வேலை போனதும் என்னிடம் வருவான். நான் தெரிந்தவருக்கு ஒரு போன் செய்து இன்னொரு அச்சகத்தில் சேர்த்துவிடுவேன். அதுவும் போகும். இப்படி ஏழு அச்சகம். எட்டாம் தரம் நான் கைவிரித்துவிட்டேன். அப்புறம் ரொம்ப நாள் கழித்து அவன் மனைவி சொல்லித்தான் தெரியும், அவனுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது என்பது. வெளியே சொன்னால் யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள் என்று மறைத்திருக்கிறான். ஏழு தரம் நான் அவனைத் தூக்கி நிறுத்தினேன். ஏழு தரமும் அதே குழியின் விளிம்பில் நிறுத்தியிருக்கிறேன். ஒரு போன் பேச எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? 'ஏன் போச்சு?' என்று கேட்டு, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பதுதான் நேரம் பிடிக்கிற வேலை. அதை நான் செய்யவில்லை. ஆனாலும் அந்த வருஷங்களில் என்னை நான் தாராள மனசுக்காரன் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் சொன்னபின், 'அப்படியானால் எழுப்புவதற்கு ஓர் எல்லை வைத்துவிடு. அதற்கு மேல் விட்டுவிடு' என்று நான் சொல்லப்போகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பக்கமும் போய் அடிபட்டுக்கொண்டு வந்தவன் நான்.

2010-ல் லென்னார்ட் பாட்டரிங், கே சீவர்ஸ் என்ற இருவர் சிஸ்டம்டி என்ற புதிய முதலாமவனைக் கொண்டுவந்தார்கள். எழுப்புவது மட்டும் அல்ல, யார் யாருடைய பிள்ளை என்று கணக்கு வைப்பது, குறிப்பு எழுதுவது என்று பல வேலைகளையும் ஓர் ஏற்பாட்டுக்குள் அது கொண்டுவந்தது. லினக்ஸுக்கே உரிய வசதிகளின் மேல் கட்டியது. வேறு மண்ணில் பெயர்த்து நட முடியாது, நட வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் ஆசைப்படவும் இல்லை. இதைப் பற்றி நடந்த சண்டை கொஞ்சநஞ்சம் அல்ல. 2014-ல் டெபியன் என்ற பெரிய லினக்ஸ் குடும்பத்தில், எதை வழக்கமாக வைத்துக்கொள்வது என்று தொழில்நுட்பக் குழு வாக்கெடுத்தபோது, வாக்குகள் சமமாகப் பிரிந்து, தலைவர் தம் முடிவு வாக்கால் சிஸ்டம்டி பக்கம் தீர்க்க வேண்டியிருந்தது. ஒப்பாதவர்கள் சிலர் டெவுவான் என்று தனிக் குடித்தனம் போனார்கள். முதலாமவன் இத்தனை அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாமா என்பது அவர்கள் கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் எனக்கு வந்த தொல்லை அதனால் அல்ல. யாரும் சண்டை போடாத இரண்டு சின்ன எண்களால்.

சிஸ்டம்டியில் நாம் கேட்டுக்கொண்டால்தான் விழுந்தவனை எழுப்பும். கேட்டுக்கொண்டால், வேறு ஏதும் சொல்லாத வரையில், ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு பொறுத்து எழுப்பும். 10 விநாடிக்குள் 5 தரம் எழுப்பியாயிற்று என்றால், தோற்றான் என்று எழுதிவைத்துவிட்டு, மனிதன் வந்து சொல்கிற வரையில் திரும்பிப் பார்க்காது. ஆஸ்பத்திரியில் பட்ட அடி எனக்கு நினைவிருந்தது. இதுதான் சரி, கண்டிப்பு வேண்டும் என்று அப்படியே வைத்துக்கொண்டேன்.

அப்போது வேலை வேறிடம். ஊர்ப்புறத்து நீர்த்தேக்கத் தொட்டிகளின் மட்டத்தைக் கணக்கெடுக்கும் புரோகிராம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை மின்சாரம் போய் வந்தது. எங்கள் யந்திரம் சீக்கிரம் எழுந்துவிட்டது. புரோகிராம் போய்ப் பேச வேண்டிய தரவுத்தளம் இருந்த யந்திரமோ கிழட்டு யந்திரம். எழுந்து உட்காரப் பத்து நிமிஷம் ஆகும். புரோகிராம் போய்க் கதவைத் தட்டியது, பதில் இல்லை, விழுந்தது. கண் மூடித் திறப்பதற்குள் ஐந்து தரம் எழுப்பப்பட்டு, ஐந்து தரமும் விழுந்து, தோற்றவர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதனிடம் எந்தக் குற்றமும் இல்லை. பத்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. அப்போது எழுப்பியிருந்தால் ஓடியிருக்கும். எழுப்புவார் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓர் அளவும் பதிவாகவில்லை. திங்கட்கிழமை ஒரு பேட்டையில் பெண்கள் காலிக் குடங்களை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

தாம் ஏன் விழுகிறோம் என்பது விழுகிறவனிடம் எப்போதும் எழுதியிருப்பதில்லை. ஒருவனுக்குள் கோளாறு; இன்னொருவனுக்குக் கோளாறே இல்லை, எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான். இருவரும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் விழுகிறார்கள். முதல்வனை ஓயாமல் எழுப்பினால் தீங்கு. இரண்டாமவனை எழுப்பாமல் விட்டால் தீங்கு. எண் எதைப் போட்டாலும் ஒருவனுக்கு அநியாயம். பழைய இனிட்டாப் விதியை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அது எழுப்பியது, முடியாதபோது ஒதுங்கியது, ஒதுங்கும்போது ஊருக்குக் கேட்கச் சொல்லிவிட்டு ஒதுங்கியது, ஒரேயடியாகக் கைவிடவும் இல்லை, ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தது. முரட்டு விதி என்று நான் நினைத்ததில் இவ்வளவு இருந்தது. அதையும் உச்சியில் வைத்துக் கொண்டாட முடியாதுதான். யாரும் இல்லாத அறையில் கன்ஸோல் கத்தினால் அது கத்தாததற்குச் சமானம். அந்த விதியில் பாதி ஃபைலில் இருந்தது. மறு பாதி, இரவு முழுவதும் அந்த அறையில் நோட்டுப் புத்தகத்தோடு விழித்திருந்தது.

உத்தியோகத்தை விட்டுப் பல வருஷம் ஆன பிறகும், என் எழுத்து வேலைக்காக வீட்டில் ஒரு சின்ன யந்திரம் வைத்திருக்கிறேன். நான் எழுதுவதையெல்லாம் ஒரு புரோகிராம் வெளியூரில் உள்ள இன்னொரு யந்திரத்துக்குப் பிரதி எடுத்து அனுப்பும். போன மாதம் அதற்கு ரன்இட்டில் ஏற்பாடு செய்தேன். இந்தத் தரம் மறக்காமல் ஃபினிஷ் ஃபைலும் எழுதினேன். பத்துத் தரம் விழுந்தால் ஐந்து நிமிஷம் பொறுக்க வேண்டும். பொறுக்கும் முன்பு என் கைப்போனுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். பெரியவரின் இடத்தில் இனி நானே இருப்பது என்று தீர்மானம்.

முதல் இரவு ஒரு செய்தி வந்தது, எழுந்துபோய்ப் பார்த்தேன். வலைத் தொடர்பு போயிருந்தது. இரண்டாம் இரவு இரண்டு வந்தன, இரண்டுக்கும் எழுந்தேன். மூன்றாம் இரவு படுக்கப் போகும்போது கைப்போனின் மணியை அணைத்து வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தபோது பதினொரு செய்திகள் இருந்தன.